ஊசிக்கு முன் ஒரு கேள்வி

சென்ற வருடம் என் உம்மா நியூமோனியாவுடன் வார்ட்டில் இருந்தார். செப்ட்ரியாக்சோன் ஊசியுடன் வந்த தாதி, "ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா?" என்று கேட்டார். உம்மா "இல்லை" என்றார். முன்பொரு தடவை பெனிசிலின் போட்டு உடம்பெல்லாம் தடித்து அவருக்கு மூச்சு முட்டியது எனக்குத்தான் ஞாபகம் வந்தது. சொன்னேன். டொக்டர் வந்து விசாரித்து வேறு மருந்து எழுதினார்.

நியூமோனியா, மூளைக்காய்ச்சல், டைபொயிட் போன்ற கடுமையான பக்றீரியாத் தொற்றுகளுக்கு நாளத்தினூடாக ஏற்றும் அன்டிபயோட்டிக் இது. உடலில் நீண்ட நேரம் தங்குவதால் பெரும்பாலும் நாளுக்கு ஒரு தடவை போதும். பெனிசிலினுக்கு உறவுக்கார மருந்து. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத பலருக்கு இதனால் எதுவும் ஆவதில்லை. ஆனால் கடும் ஒவ்வாமை கண்டவர்கள் விடயத்தில் டொக்டர் யோசித்தே தீர்மானிப்பார். அதற்கு நாம் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

டெங்கு வைரஸை இது கொல்லாது. "பலமான ஊசியாகப் போடுங்கோ" என்று நச்சரிக்கும் நம்மவர் பழக்கம்தான் எனக்குப் புரிவதில்லை.

ஊசி ஏற்றும்போதோ பின்னரோ சொறிச்சல், முகவீக்கம், மூச்சுத்திணறல் கண்டால் உடனே தாதியைக் கூப்பிடுங்கள்.

உம்மாவின் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் 'பெனிசிலின் ஒவ்வாமை' என்று எழுதி வைத்திருக்கிறேன், பிள்ளைகளின் கொப்பி திருத்தும் அதே சிவப்புப் பேனையால்.