வேலி தாண்டிய புல்

விதைக்கிறவனைப்பற்றிய உவமையை நம்மில் அறியாதார் இலர். வழியோரத்தில் வீழ்ந்த விதை அவ்வுழவனுக்கு வெறும் இழப்பேயாம். ஆயின், மனிதன் தன் திறமையினால் மரபணுவை மாற்றியமைத்த பயிரின் விதை வழியோரத்தில் வீழ்ந்து முளைக்குமேல், அஃது இழப்பாக நில்லாது பிறருக்குச் சுமையாகவும் முடியும். இவ்வுண்மைக்குச் சான்றாக அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஆரிகன் மாகாணத்தில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டு எடுத்துரைப்போம்.

அம்மாகாணத்தில் நம் தலைநகரின் பழம்பெயரைத் தாங்கிய மெட்ராஸ் என்னும் சிற்றூர் ஒன்றுண்டு. அதன் அருகே 2002-ஆம் ஆண்டில் சுமார் 11,000 ஏக்கர் நிலம் காப்புப் பகுதியாக வரையறுக்கப்பட்டது. அதனுள் ஏறத்தாழ 400 ஏக்கரில் பெண்ட்கிராஸ் என்னும் படர்புல் விதைக்கப்பெற்றது. கோல்ப் விளையாட்டுத் திடல்களுக்கு உரிய புல் இது. கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி செடிகளின் உயிர்ப்பிற்கு இன்றியமையாத நொதி ஒன்றைத் தடுத்து அவற்றைக் கொல்லும். அம்மருந்துக்கு அடங்காத நொதியை உண்டாக்கும் பாக்டீரியத்தின் மரபணுவை இப்புல்லினுட் புகுத்தியிருந்தனர். ஆதலின், மருந்து தெளித்தால் களைகள் மடியும்; புல் மடியாது.

சோளம், சோயா முதலிய பயிர்கள் மனிதன் துணையின்றிக் காட்டில் நெடுநாள் வாழமாட்டா. இப்புல்லோ பல்லாண்டு வாழ்வது. தரையிற் படரும் தண்டினாலும் பெருகுவது. காற்றினால் மகரந்தச் சேர்க்கை பெறுவது. அதன் விதை தூசிபோல் நுண்ணியது. அன்றியும், அதன் உறவுப் புற்கள் அந்நாட்டில் எங்கும் தாமே வளர்கின்றன. இத்துணை இயல்புகளும் ஒருங்கே கூடியமையாற் கண்காணிப்பு இன்றியமையாததாயிற்று.

ஆராய்ச்சியாளர் கையாண்ட முறை எளியதும் நுட்பமானதுமாம். மரபணு மாற்றப்படாத அவ்வினப் புல்லைத் தொட்டிகளில் வளர்த்து, காப்புப் பகுதியின் உள்ளும் புறமும் பல தொலைவுகளில் 2003-ஆம் ஆண்டிற் காவற்செடிகளாக வைத்தனர். அவற்றின் விதைகளையும், அயலில் தாமே வளர்ந்த புற்களின் விதைகளையும் சேகரித்து முளைக்கவைத்து, நாற்றுக்களின்மேற் கிளைபோசேட்டைத் தெளித்தனர். பிழைத்தவற்றில் அப்புதிய புரதமும் மரபணுவும் உளவோ என்று சோதித்தனர். 2004-ஆம் ஆண்டில் வெளியான முடிவு பலரைத் திகைக்கச் செய்தது. கலப்பின் பெரும்பகுதி 2 கிலோமீட்டருக்குள் நிகழ்ந்ததாயினும், காவற்செடிகளில் 21 கிலோமீட்டர் வரையிலும், இயற்கைப் புற்களில் 14 கிலோமீட்டர் வரையிலும் மகரந்தம் சென்று கலந்திருந்தது. போதாக்குறைக்கு, 2003 ஆகஸ்டில் வீசிய பெருங்காற்று, அறுத்துக் காயவிட்டிருந்த கதிர்களின் விதைகளையும் வாரிச் சென்றது.

விதிகளைச் செவ்வனே கைக்கொள்ளவில்லை என்று, பயிரிட்ட ஸ்காட்ஸ் நிறுவனத்தின்மீது 2007-ஆம் ஆண்டில் அரசாங்கம் 5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அவ்வளவில் புல் அடங்கவில்லை. 2010-ஆம் ஆண்டில், ஆரிகனின் கீழெல்லையிலுள்ள மால்ஹியூர் வட்டத்துப் பாசன வாய்க்கால்களிலும் அது காணப்பட்டது; ஆற்றிற்கு அப்பால் ஐடஹோ மாகாணத்திற் பயிரிட்ட சோதனை வயல்களே அதற்கு மூலம் என்று கருதினர். வாய்க்காற் கரையைத் தூய்மை செய்ய உழவர் நம்பியிருந்த மருந்தும் கிளைபோசேட்டே. நீரருகே தெளிக்கத்தக்க வேறு மருந்துகள் மிகச் சில. ஆதலின், அப்புல்லை ஒருநாளும் விதைத்திராத உழவரே அதனோடு போராட நேர்ந்தது. 2017-ஆம் ஆண்டில் மத்திய வேளாண்மைத் துறை அதன்மேலிருந்த கட்டுப்பாட்டையும் நீக்கிவிட்டது.

இதனால் நாம் அறியவேண்டுவன மூன்று. பயிரின் காட்டுறவுகள் யாவை என்பதை விதைக்குமுன்னரே ஆராய்தல் வேண்டும். காற்றும் நீரும் செல்லும் திசையெல்லாம், பயிர் நீங்கிய பின்னரும் பல்லாண்டு தேடுதல் வேண்டும். தப்பியதை மீட்கும் செலவு யாரைச் சாரும் என்பதை முன்னரே வரையறுத்தல் வேண்டும். விஞ்ஞானத்தைப் பழித்தல் நம் கருத்தன்று. காவற்செடிகளை நட்டு உண்மையைக் கண்டுரைத்ததும் விஞ்ஞானமே. ஆக்குந் திறமையோடு காக்கும் பொறுப்பும் கூடியவிடத்தே அறிவு முழுமை பெறும் என்பதை, நாளை ஆய்வுக்கூடங்களிற் புகவிருக்கும் மாணவ நண்பர்கள் மனத்திற் கொள்வார்களாக.