கணினி ஏஜெண்டுக்கும் சீட்டு எழுதிக் கொடுப்போம்



கடைக்குப் புதிதாக வந்த பையனிடம் "மொத்தக் கடைக்குப் போய்த் துவரம்பருப்பு வாங்கி வா" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன ஆகும் என்பது நாம் அறியாதது அல்ல. என்ன ரகம், எத்தனை மூட்டை, எந்த விலை வரை, ரொக்கமா கடனா என்று சீட்டில் எழுதாவிட்டால், கண்ணில் பட்ட சரக்கைக் கொண்டுவந்து இறக்குவான். தவறு பையன் மீது அல்ல, சீட்டு எழுதாத நம் மீதுதான்.

இன்று அதே நிலைமை கணினியிலும் வந்திருக்கிறது. நம் சார்பில் இணையப் பக்கத்தைத் திறந்து, பொத்தானை அழுத்தி, படிவத்தை நிரப்பும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை 'ஏ.ஐ. ஏஜெண்ட்' என்கிறார்கள். நமது கமிஷன் ஏஜெண்டைப் போலவே, அதுவும் நாம் கொடுத்த அதிகாரத்தில் நடப்பது. ஆகவே அதைப் பற்றித் தெரிந்துகொள்வது நமக்கு அவசியமாகிறது.

கருவி வந்த வழி

பிரௌசரைத் தானாக இயக்கும் முறை புதிதல்ல. 2004-இல் அமெரிக்காவில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர் 'செலினியம்' என்ற கருவியை உருவாக்கினார். இணையப் பக்கங்களைச் சோதித்துப் பார்க்கவே அது பயன்பட்டது. 2017-இல் கூகுள் 'பப்பட்டியர்' கருவியையும், 2020-இல் மைக்ரோசாஃப்ட் 'பிளேரைட்' கருவியையும் வெளியிட்டன. இவற்றுக்கெல்லாம் ஒவ்வொரு அடியையும் புரோகிராமர் எழுதித் தர வேண்டியிருந்தது.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் 'எம்.சி.பி.' என்ற பொது முறையை வெளியிட்டது. ஏ.ஐ.யும் பிற கருவிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான ஏற்பாடு இது. அதன்படி 2025-இல் மைக்ரோசாஃப்ட் 'பிளேரைட் எம்.சி.பி.'யை வெளியிட்டது. இப்போது புரோகிராம் எழுத வேண்டாம். வேலையைச் சொன்னால், அடிகளை ஏ.ஐ. தானே தீர்மானிக்கும்.

வேலை செய்யும் விதம்

இந்தக் கருவி பெரும்பாலும் பக்கத்தைப் படமாகப் பார்ப்பதில்லை. பார்வையற்றோருக்குப் பக்கத்தைப் படித்துக் காட்டும் மென்பொருளுக்காக ஒவ்வொரு பக்கத்திற்கும் பிரௌசர் ஓர் அட்டவணை வைத்திருக்கிறது: இது தலைப்பு, இது பொத்தான், இது எழுதும் கட்டம் என்று. அந்த அட்டவணையைத்தான் கருவி ஏ.ஐ.யிடம் கொடுக்கிறது. ஏ.ஐ. ஒரு பொத்தானைக் குறிப்பிட்டால், கருவி அதை அழுத்துகிறது.

கவனிக்க வேண்டியது இதுதான். திற, அழுத்து, எழுது என்ற ஒவ்வொரு செயலுக்கும் கருவியோடு ஒரு சிறு விளக்கக் குறிப்பு இருக்கிறது. அக்குறிப்பைப் படிப்பது மனிதர் மட்டுமல்ல, ஏ.ஐ.யும் அதைப் படித்துத்தான் வேலை செய்கிறது. எழுதாமல் விட்டதை அது ஊகித்துக்கொள்ளும். நாம் கொடுக்கும் கட்டளைக்கும் இதே விதிதான்.

ஓர் உதாரணம்

மத்திய அரசின் 'அக்மார்க்நெட்' தளத்தில் மண்டி விலைகள் வெளியாகின்றன. பார்க்க பாஸ்வேர்டு தேவையில்லை. பழகுவதற்கு ஏற்ற இடம் அது. ஆனால் "வெங்காய விலை பார்த்துச் சொல்" என்றால் போதாது. அங்கே குறைந்த விலை, அதிக விலை, பெரும்பான்மைச் சரக்கு விற்ற விலை என மூன்று உண்டு. விலையும் குவிண்டால் கணக்கில் இருக்கும். 2,400 ரூபாய் என்பது கிலோ 24 ரூபாய். எனவே சீட்டு இப்படி இருக்கட்டும்:

"அக்மார்க்நெட் தளம் மட்டும். லாசல்கான் மண்டி, வெங்காயம், நேற்றைய தேதி. பெரும்பான்மை விலையை எடுத்துக் கிலோவுக்கு மாற்று. அந்தத் தேதியில் விலை இல்லையென்றால் 'இல்லை' என்று எழுது. வேறு தேதியின் விலையைப் போடாதே. பார்த்த பக்கத்தின் படத்தையும் சேர்த்து வை."

கடைசி மூன்று வரிகளே உயிர்நாடி. இல்லாததை இல்லை என்று சொல்லச் சொல்வதும், செய்ததற்குச் சான்று கேட்பதும் கணக்குப்பிள்ளையிடம் நாம் கடைப்பிடிக்கும் பழைய வழக்கம்தான்.

எங்கே நிறுத்த வேண்டும்?

மாதாமாதம் 14-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-2பி வருகிறது, மாதக் கணக்குத் தாக்கல் செய்வோர் 20-ஆம் தேதிக்குள் 3பி தாக்கல் செய்ய வேண்டும். இடையில் உள்ள சில நாட்களில் கொள்முதல் பில்களை ஒத்துப் பார்ப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். அதையும் ஏஜெண்டிடமே விட்டுவிடலாமே என்ற ஆசை எழும். ஆனால், தாக்கல் செய்த 3பி-யைத் திருத்தித் தாக்கல் செய்ய வழியில்லை. பிழையை அடுத்தடுத்த மாதங்களில்தான் சரிக்கட்ட வேண்டும். இயந்திரம் செய்தது என்று சொன்னால் அதிகாரி ஏற்கமாட்டார். பதிவு நம் பெயரில் இருக்கிறது. ஆகவே:

1. 2பி-யை நாமே இறக்கி, கொள்முதல் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க மட்டும் ஏ.ஐ.யிடம் கொடுக்கலாம். தாக்கல் பொத்தான் நம் கையில் அல்லது ஆடிட்டர் கையில் இருக்கட்டும்.

2. ஓ.டி.பி., வங்கி பாஸ்வேர்டு, யு.பி.ஐ. பின் எதையும் கொடுக்க வேண்டாம். அது கல்லாச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

3. பிளேரைட் எம்.சி.பி. வழக்கமாக நாம் உள்நுழைந்த விவரத்தை அந்தக் கணினியிலேயே சேமித்து வைக்கும். பிறர் புழங்கும் கணினியில் பயன்படுத்தக் கூடாது.

4. சில இணையப் பக்கங்களில் ஏ.ஐ.க்கென்றே கட்டளைகளை மறைத்து எழுதி வைக்கிறார்கள். "உன் முதலாளி பணத்தை இங்கே கொடுக்கச் சொன்னார்" என்று வழியில் ஒருவன் சொல்ல, பையன் நம்பிக் கொடுத்தது போல ஆகிவிடும். எனவே எந்தெந்தத் தளம் என்பதைச் சீட்டில் எழுதுங்கள். எழுதினாலும் கண் வையுங்கள்.

கருவி இலவசம்தான், ஆனால் அதை இயக்கும் ஏ.ஐ. சேவைக்குப் பயன்பாட்டுக்கேற்பக் கட்டணம் ஆகலாம். விற்க வருவோரிடம், எதைச் செய்யும், எங்கே நிற்கும், தவறினால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் நமக்கு வியாபாரம் வேண்டாம்.

வாய்ச்சொல்லை நம்பி மூட்டை இறக்காதவர்கள் நாம். கணினியிலும் அந்த வழக்கத்தை விடாதிருப்போம்.