வெளிநாட்டில் தேவாலய அழைப்பு வந்தால்...



திருப்பூரிலிருந்து பனியன் ஏற்றுமதிக்காகவும், கோவையிலிருந்து மேற்படிப்புக்காகவும் வேலைக்காகவும் நம் பிள்ளைகள் ஐரோப்பா, அமெரிக்கா எனச் செல்கின்றனர். அங்கே உடன் பணிபுரிபவரின் தந்தை இறந்துவிடுகிறார். இறுதி வழிபாடு தேவாலயத்தில் நடைபெறுகிறது; அழைப்பும் வருகிறது. சென்றால் ஈமானுக்குப் பழுது நேருமோ என்ற அச்சம் ஒருபுறம். செல்லாவிட்டால் அவர் மனம் நோகுமே என்ற தயக்கம் மறுபுறம். மார்க்கம் காட்டும் வழி என்ன?

அன்னை உம்மு ஸலமா (ரலி), அன்னை உம்மு ஹபீபா (ரலி) இருவரும் ஹிஜ்ரத் செய்து அபிசீனியாவில் வாழ்ந்தவர்கள். அங்கே தாம் கண்ட ‘மாரியா’ என்னும் தேவாலயத்தைப் பற்றியும் அதிலிருந்த உருவப்படங்களைப் பற்றியும் நபி (ஸல்) அவர்களிடம் கூறினார்கள். நல்லடியாரின் கப்ரின் மீது வணக்கத்தலம் எழுப்பி, அதில் உருவங்கள் வரைவதை நபியவர்கள் கண்டித்தார்கள். அன்னையர் அதனைக் கண்டதற்காக அவர்களைக் கடிந்துகொண்டதாக அறிவிப்பில் இல்லை. இது புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது.

தேவாலயத்தினுள் நுழைவது பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் நூல்கள் அதனை மக்ரூஹ் என்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் அவர்களின் அனுமதியின்றி நுழைதல் கூடாது. ஹன்பலி மத்ஹபில் ஆகும் என்ற கருத்தும் உண்டு. உருவங்கள் இல்லாத தேவாலயத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) தொழுதுள்ளார்கள்.

ஆனால், அவர்களது வழிபாட்டில் பங்கேற்பது கூடாது என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மண்டியிடுதல், சிலுவை அடையாளமிடுதல், துதிப்பாடலைச் சேர்ந்து பாடுதல், நற்கருணை அப்பமும் திராட்சை ரசமும் பெறுதல் ஆகியவை வழிபாட்டின் அங்கங்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் பிற சமயத்தாருக்கு நற்கருணை வழங்குவதில்லை.

துக்கத்தில் பங்குகொள்வதோ வேறு. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்று கூறி அண்ணலார் எழுந்து நின்றார்கள். ஹாரிஸ் இப்னு அபீ ரபீஆ அவர்களின் தாயார் கிறிஸ்தவராகவே இறந்தபோது, நபித்தோழர்கள் அவரது ஜனாஸாவைப் பின்தொடர்ந்து சென்றார்கள்.

எனவே, வெளிநாடு செல்லும் சகோதரரே! துக்க வீட்டுக்குச் செல்லுங்கள், ஆறுதல் கூறுங்கள், அடக்கத்தலம் வரை உடன் நில்லுங்கள். வழிபாட்டு நேரத்தில் விலகியிருக்கும் காரணத்தை முன்கூட்டியே கனிவாகச் சொல்லிவிடுங்கள். காரணம் சொல்லாமல் வராதிருப்பதே மனத்தைப் புண்படுத்தும். தவிர்க்க இயலாத நிலை ஏற்பட்டால், புறப்படுமுன் உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பைத்துல் முகத்தஸ் சென்றபோது, அங்குள்ள பெரிய தேவாலயத்தினுள் தொழ மறுத்து வெளியே தொழுததாக வரலாறு கூறுகிறது. தாம் தொழுததைக் காரணம் காட்டிப் பிற்காலத்தார் அதனைக் கைப்பற்றிவிடக் கூடாதே என்ற கவலையே காரணம். தம் வணக்கத்தையும் காத்தார்கள். பிறரது ஆலயத்தையும் காத்தார்கள்.

இந்தப் பண்பைப் பிள்ளைகள் விமானம் ஏறிய பிறகு கற்க வேண்டியதில்லை. நம் கோட்டைமேட்டுக்கு அருகிலேயே, பெரிய கடை வீதியில் புனித மைக்கேல் பேராலயம் நிற்கிறது. அண்டை வீட்டாரின் துக்கத்தில் எப்படி நிற்பது என்பதை இங்கேயே, நம்மைப் பார்த்தே அவர்கள் கற்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் ஈமானையும் நற்குணத்தையும் ஒருங்கே பாதுகாப்பானாக! ஆமீன்.