எரிமலையைக் குடைந்த உளிகள்: எல்லோரா, அஜந்தா, லோனார் - மூன்று நாள் பயணம்!

மகாராஷ்டிராவின் சத்ரபதி சம்பாஜிநகரில் இறங்கி, எந்தத் திசையில் கார் எடுத்துக் கிளம்பினாலும் மலைகள் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரியும். உச்சி தட்டையாக இருக்கும். பக்கவாட்டில் படிப்படியாக இறங்கும். 2023 வரை அவுரங்காபாத் என்று அழைக்கப்பட்ட இந்த ஊரைச் சுற்றித்தான் எல்லோரா, அஜந்தா, லோனார் மூன்றும் இருக்கின்றன. மூன்றையும் இணைப்பது அந்தப் படி மலைகள்தான்.

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களின் கடைசிக் காலத்தில், இங்கே நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு வழிந்தது. ஓர் அடுக்கு ஆறி இறுகும்; அதன் மேல் அடுத்தது வந்து படியும். இப்படியே படிந்த பாறைதான் பசால்ட். இன்று மிஞ்சியிருக்கும் பரப்பே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல கிட்டத்தட்ட நான்கு மடங்கு! புவியியலாளர்கள் இதை 'டெக்கான் டிராப்ஸ்' என்கிறார்கள். 'டிராப்' என்பது படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடிஷ் சொல்லில் இருந்து வந்தது.

இந்தப் படிக்கட்டைத்தான் உளியும் சுத்தியலும் கொண்டு குடைந்து, துறவிகள் தங்கும் மடங்களாகவும் கோயில்களாகவும் ஆக்கியிருக்கிறார்கள்.

முதல் நாள்: எல்லோரா

நகரத்தில் இருந்து எல்லோரா சுமார் 30 கி.மீ. பாதி வழியில் தௌலதாபாத் கோட்டை வரும். முகமது பின் துக்ளக் டெல்லியில் இருந்து தலைநகரை மாற்றிய அதே ஊர்! கூம்பு போன்ற மலையின் அடிவாரத்தைச் சுற்றிலும் சுவர் போலச் செங்குத்தாகச் செதுக்கி, எதிரி ஏற முடியாதபடி செய்திருக்கிறார்கள். உள்ளே கும்மிருட்டான சுரங்கப்பாதையும் உண்டு. முழுவதும் ஏற அரை நாள் ஆகும் என்பதால், குழந்தைகள், பெரியவர்களுடன் போகிறவர்கள் கீழிருந்து பார்த்துவிட்டு நகர்வது நல்லது.

எல்லோராவில் 34 குகைகள், சுமார் 2 கி.மீ. நீளத்துக்கு வரிசையாக இருக்கின்றன. 1 முதல் 12 வரை பௌத்தம், 13 முதல் 29 வரை இந்து, 30 முதல் 34 வரை சமணம். 10-ஆம் குகையின் கூரையைப் பார்க்கத் தவறாதீர்கள். மர உத்தரங்களைப் போலவே கல்லில் வரிசையாக விலா எலும்புகள் போலச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் இதை 'தச்சன் குகை' என்பார்கள்.

16-ஆம் எண்தான் கைலாசநாதர் கோயில். 8-ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தைச் சேர்ந்தது. எண் 'குகை' என்று இருந்தாலும் இது குகை அல்ல. ஒரே பாறையில் வடித்த முழுக் கோயில். மலையின் மேலிருந்து மூன்று பக்கமும் பள்ளம் தோண்டி, நடுவில் நின்ற பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்தார்கள். வழக்கமாக அஸ்திவாரத்தில் தொடங்கி கலசத்தில் முடிப்போம். இங்கே முதலில் சிகரம், கடைசியில்தான் தரை! பள்ளம் சுமார் 276 அடி நீளம், 154 அடி அகலம். பின்பக்கப் பாறைச் சுவரின் உயரம் சுமார் 107 அடி. வெட்டி அகற்றிய கல் மட்டும் சுமார் 2 லட்சம் டன் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

கட்டும் கோயிலில் ஒரு கல் சரியில்லை என்றால் மாற்றலாம். இங்கே ஒருமுறை வெட்டிய கல்லைத் திரும்ப வைக்க முடியாது. 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஒரு ராஷ்டிரகூடச் செப்பேடு, இதைச் செய்து முடித்த சிற்பியே 'நானா இதைச் செய்தேன்' என்று வியந்ததாகச் சொல்கிறது.

கோயிலைப் பார்க்கும்போது தமிழர்களுக்கு ஏதோ பழகிய சாயல் தெரியும். காரணம் உண்டு. காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், அங்குள்ள கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததை அங்கேயே கல்வெட்டாகப் பொறித்தான். அந்த வெற்றியின் நினைவாக அவன் அரசி லோகமகாதேவி கர்நாடகத்தின் பட்டடக்கல்லில் விரூபாக்ஷர் கோயிலை எழுப்பினாள். அதில் காஞ்சியின் சாயல் உண்டு. எல்லோரா கோயிலின் அமைப்போ பட்டடக்கல்லை ஒத்திருக்கிறது.

இரண்டாம் நாள்: அஜந்தா

நகரத்தில் இருந்து சுமார் 100 கி.மீ. காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். குகைகளுக்குச் சுமார் 4 கி.மீ. முன்னாலேயே கார்களை நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து பஸ்ஸில்தான் போக வேண்டும்.

வாகோரா ஆறு குதிரை லாட வடிவில் மலையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அந்த வளைவின் பாறைச் சுவரில் 30 குகைகள். சில கி.மு. 2, 1-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பெரும்பாலானவை கி.பி. 5-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாகாடக மன்னன் ஹரிசேணன் காலத்தில் குடையப்பட்டவை.

நேரம் குறைவு என்றால் 1, 2, 10, 16, 17, 19, 26 ஆகிய குகைகளைப் பார்த்தால் போதும். 1-இல் தாமரை ஏந்திய பத்மபாணி ஓவியம். 26-இல் சாய்ந்து படுத்த நிலையில் சுமார் 7 மீட்டர் நீளப் புத்தர். பாதியில் நின்றுபோன 24-ஆம் குகைக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். உளி பட்ட தடங்களோடு நிற்கும் அரைகுறைத் தூண்களைப் பார்த்தால், முடிந்த குகைகளின் பின்னால் இருக்கும் உழைப்பு புரியும்.

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு ஆயனச் சிற்பி நினைவுக்கு வருவார். அழியாத அஜந்தா வர்ணத்தின் ரகசியத்துக்காகத் தவியாய்த் தவித்தவர் அல்லவா? விடையின் ஒரு பகுதி அந்த மலையிலேயே இருக்கிறது. பாறைச் சுவரில் நார், உமி கலந்த மண்ணைப் பூசி, அதன் மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு கொடுத்து, காய்ந்த பிறகு வரைந்தார்கள். சிவப்பும் மஞ்சளும் காவி மண்ணில் இருந்து வந்தவை. பச்சை நிறம், எரிமலைப் பாறைகளில் கிடைக்கும் பச்சை மண்ணில் இருந்து எடுத்தது. நீலத்துக்கு மட்டும் ஆப்கானிஸ்தான் பக்கத்து லாபிஸ் லாசுலி கல்!

ஆனால் அஜந்தா வர்ணமும் அழியக்கூடியதுதான். பசால்ட் பாறையின் விரிசல்களில் மழைநீர் கசியும்போது மண் பூச்சு பாறையை விட்டுக் கழன்று வருகிறது. 1920-களில் ஹைதராபாத் நிஜாம் அரசு, ஓவியங்களைக் காக்க இத்தாலிய நிபுணர்களை வரவழைத்தது. அவர்கள் பூசிய அரக்கு வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகி, நிறங்களை மங்கச் செய்தது. நல்லெண்ணத்தோடு செய்த வேலையையே இன்றுவரை கவனமாகச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. பிளாஷ் போடக் கூடாது, சுவரைத் தொடக் கூடாது என்று காவலர்கள் கண்டிப்பு காட்டுவது இதனால்தான்.

10-ஆம் குகையில் கைடைக் கேட்டால் ஒரு தூணைக் காட்டுவார். 1819 ஏப்ரல் 28-இல் புலி வேட்டைக்கு வந்து இந்தக் குகைகளைக் கண்ட ஆங்கிலேயக் குதிரைப்படை அதிகாரி ஜான் ஸ்மித், தன் பெயரையும் தேதியையும் ஓவியத்தின் மேலேயே கீறி வைத்திருக்கிறார். அன்று குகைக்குள் மண் மேடிட்டிருந்ததால், அந்தக் கீறல் இப்போது தலைக்கு மேலே இருக்கிறது. 200 ஆண்டுகள் ஆகியும் அது மறையவில்லை.

மூன்றாம் நாள்: லோனார்

நகரத்தில் இருந்து கிழக்கே சுமார் மூன்றரை மணி நேரப் பயணம். சமவெளியில் திடீரென்று வட்டமான பள்ளம், சுமார் 1.8 கி.மீ. விட்டம், நடுவில் பச்சை நிற ஏரி. எரிமலை வாய் என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். உண்மையில் இது விண்கல் விழுந்து உண்டான பள்ளம். பசால்ட் பாறையில் இப்படிப்பட்ட பள்ளம் உலகில் மிக அபூர்வம். நிலவு, செவ்வாய் கிரகப் பள்ளங்களைப் புரிந்துகொள்ள விஞ்ஞானிகள் இங்கே வருகிறார்கள்.

ஏரி நீர் உப்பும் காரமும் நிறைந்தது. 2020 ஜூனில் ஏரி திடீரென்று இளஞ்சிவப்பாக மாறியது செய்திகளில் அடிபட்டது. உப்பு நீரில் வாழும் நுண்ணுயிர்களே காரணம் என்று ஆய்வுகள் சொல்லின. ஊருக்குள் இருக்கும் தைத்ய சூதனர் கோயிலின் சிற்பங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

கிளம்பும் முன்...

* எல்லோராவுக்குச் செவ்வாய், அஜந்தாவுக்குத் திங்கள் விடுமுறை. புதன்கிழமை தொடங்கினால் சிக்கல் இல்லை.

* நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். மழைக்காலத்தில் அருவிகள் அழகு. ஆனால் படிகள் வழுக்கும்.

* ஓவியக் குகைகளில் செருப்பைக் கழற்ற வேண்டும். எளிதில் கழற்றி மாட்டும் காலணி வசதி.

* அஜந்தாவில் படிகள் அதிகம். முடியாதவர்களுக்கு டோலி கிடைக்கும். கூலியை முன்பே பேசிவிடுங்கள்.

* அடையாள அட்டை வைத்திருக்கும் அரசு கைடையே அமர்த்துங்கள்.

* குகைகளுக்குள் வெளிச்சம் குறைவு. கண் பழக இரண்டு நிமிடம் பொறுமையாக நில்லுங்கள். பிறகு ஓவியங்கள் ஒவ்வொன்றாகத் தெளியும்.