‘நாவல் பிடிக்கலை’ன்னு எதுவரை சொல்லலாம்? வாசகர் கருத்தும் ‘மாதொருபாகன்’ தீர்ப்பும்

தருமபுரி மாவட்டம் அரூரிலிருந்து சுமார் 16 கி.மீ. தள்ளி இருக்கிறது தீர்த்தமலை. மலையேறிப் போய், பாறையிலிருந்து கொட்டும் ராமர் தீர்த்தத்தில் தலையைக் காட்டிவிட்டு இறங்குபவர்கள் ஒரு கதையையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ராவண வதம் முடிந்து திரும்பும் ராமர் இங்கே சிவபூஜை செய்ய நினைக்கிறார். கங்கை நீர் எடுத்துவரப் போன அனுமார் வந்து சேரவில்லை. நேரம் போகிறதே என்று ராமர் பாறையில் அம்பு விட, தீர்த்தம் பீறிட்டு வருகிறது. தாமதமாக வந்த அனுமார் கையிலிருந்த தீர்த்தத்தைத் தூக்கி எறிய, அது விழுந்த இடம்தான் தென்பெண்ணைக் கரையில் இருக்கும் அனுமன்தீர்த்தம் என்கிறது தலபுராணம்.

இந்தக் கதையைச் சொல்லும்போது ஒருவர் “அனுமாருக்குக் கோபம்” என்பார். இன்னொருவர் “கோபமெல்லாம் இல்ல, மனசு விட்டுப்போச்சு” என்பார். அவரவர் சொல்வது அவரவருக்கு. யாரும் யார் மேலும் போலீஸில் புகார் கொடுப்பதில்லை.

ஆனால் சேலத்தைத் தாண்டி இன்னொரு மலைக்கோயில் ஊரில், ஒரு நாவலைப் பற்றிய கருத்து கடையடைப்பு வரை போனது. அங்கிருந்து கலெக்டர் ஆபீஸுக்கும், கடைசியில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனது. இன்றைக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டா ரீல்ஸிலும் “இந்த வாரம் படிச்சது” என்று போடும் எல்லோருமே விமர்சகர்கள்தான். அதனால் அந்த வழக்கு என்ன சொன்னது என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

வாசகர் கருத்து என்பது புது விஷயமா?

இல்லவே இல்லை. தமிழ் நாவலில் வாசகர் எப்போதும் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்தது. முடிந்ததும் வாசகர்கள் விடவில்லை. அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார், அந்தக் கல்யாணம் நடந்ததா இல்லையா என்று கேள்வி மேல் கேள்வி. கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கையைப் பற்றி விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. 2022, 2023-ல் மணிரத்னத்தின் படம் இரண்டு பாகமாக வந்தபோது “நந்தினி கேரக்டர் நாவல்ல இப்படி இல்லையே” என்று சண்டை போட்டவர்கள், தாத்தா பாட்டி காலத்துச் சண்டையின் அடுத்த சுற்றைத்தான் ஆடினார்கள்.

ஜெயகாந்தன் கதை இன்னும் சூடானது. 1966-ல் ‘ஆனந்த விகடன்’ இதழில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், முன்பின் தெரியாத ஒருவனால் பாதிக்கப்பட்டு வீடு திரும்பும் கல்லூரி மாணவியின் தலையில் அம்மா தண்ணீரைக் கொட்டி, “நீ சுத்தமாயிட்டே” என்கிற அர்த்தத்தில் அவளை ஏற்றுக்கொள்வாள். விஷயம் அதோடு வீட்டுக்குள் முடிந்துவிடும். இதைப் படித்துக் கொதித்தவர்கள் ஏராளம். ‘எந்தத் தாய் இப்படிச் செய்வாள்’ என்று கேட்டார்கள். முடிவை மாற்றிப் பதில் கதை எழுதியவர்களும் உண்டு. ஜெயகாந்தன் என்ன செய்தார்? சரி, அந்த அம்மா ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை எப்படிப் போயிருக்கும் என்று யோசித்து ஒரு நாவலே எழுதினார். அதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972-க்கான சாகித்ய அகாடமி விருது அதற்குத்தான். வாசகரின் கோபத்துக்கு இப்படி ஒரு பதில் தமிழில் வேறு எங்கும் கிடைத்ததாகத் தோன்றவில்லை.

எல்லாக் கோபமும் இப்படி நல்லபடியாக முடியவில்லை. 1857 கிளர்ச்சியைப் பின்னணியாக வைத்து சுஜாதா ‘குமுதம்’ இதழில் தொடங்கிய ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’, சில அத்தியாயங்களிலேயே ஒரு சமூகத்தினரின் எதிர்ப்பால் நின்றுபோனது. பிறகு மாற்றங்களோடு ‘ரத்தம் ஒரே நிறம்’ என்ற பெயரில் வந்தது. கடிதம் எழுதி “பிடிக்கலை” என்று சொல்வதற்கும், “இதை நிறுத்து” என்று மிரட்டுவதற்கும் நடுவில் உள்ள கோடு அங்கே தாண்டப்பட்டுவிட்டது.

திருச்செங்கோட்டில் நடந்தது என்ன?

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-ல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. காளி, பொன்னா என்ற தம்பதி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் குழந்தை இல்லை. ஊரும் உறவும் பேசும் பேச்சில் இருவரும் நொந்துபோகிறார்கள். கதை நடப்பது வெள்ளைக்காரன் காலத்தில். திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயில் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில், குழந்தை இல்லாத பெண்கள் முன்பின் தெரியாத ஒருவரோடு சேர்ந்து கருத்தரிக்கலாம் என்று ஒரு வழக்கம் இருந்ததாக நாவல் சொல்கிறது. அதுதான் நாவலின் முடிச்சு.

நான்கு வருஷம் இந்த நாவல் சத்தமில்லாமல்தான் விற்றது. படித்தவர்கள் படித்தார்கள், பேசினார்கள். 2013-ல் அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்துவிட்டது. 2014 டிசம்பரில்தான் திடீரென எதிர்ப்பு கிளம்பியது. ஊர்ப் பெண்களையும் கோயிலையும் இழிவுபடுத்துகிறது என்பது குற்றச்சாட்டு. நாவலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு ஊருக்குள் விநியோகிக்கப்பட்டன. புத்தகம் எரிக்கப்பட்டது. 2015 ஜனவரி 9-ம் தேதி திருச்செங்கோட்டில் முழுக் கடையடைப்பு.

ஜெராக்ஸ் பக்கங்கள் என்ற விஷயத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஒரு நாவலில் நாலு பக்கம் மட்டும் படித்தால் அது வேறு நாவல். பொன்னாவின் பன்னிரண்டு வருஷ வேதனை அந்தப் பக்கங்களில் இருக்காது. காளி அவள்மேல் வைத்திருக்கும் பிரியமும் இருக்காது. இன்றைக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, “பாருங்க மக்களே” என்று ஃபார்வேர்டு செய்வதும் அதே வேலைதான். வேகம் மட்டும் கூடியிருக்கிறது.

ஜனவரி 12-ம் தேதி நாமக்கல் கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’. நிபந்தனையற்ற வருத்தம் தெரிவிப்பதாகவும், சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்குவதாகவும், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாகவும் பெருமாள்முருகனிடம் எழுதி வாங்கப்பட்டது. மறுநாள் இரவு அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்ற அறிவிப்பு வந்தது. தன் நாவல், சிறுகதை, கவிதை நூல்கள் எதையும் இனி விற்க வேண்டாம், பதிப்பாளர்களுக்கு நஷ்டஈட்டைத் தானே தருகிறேன் என்றும் அதில் சொல்லியிருந்தார். பதினெட்டு மாதம் அப்படியே போனது.

நீதிமன்றம் என்ன சொன்னது?

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் அந்தப் பேச்சுவார்த்தை ஒப்பந்தத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனது. நாவலுக்கு எதிராக நடவடிக்கை கேட்டு இன்னொரு தரப்பும் போனது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு 2016 ஜூலை 5-ம் தேதி தீர்ப்பளித்தது.

சாரம் இதுதான். கலெக்டர் ஆபீஸில் எழுதி வாங்கிய ஒப்பந்தம் எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது. நாவலுக்குத் தடையும் இல்லை, எழுத்தாளர் மீது குற்ற நடவடிக்கையும் இல்லை. படிக்கச் சொல்லி யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, பிடிக்காவிட்டால் புத்தகத்தை மூடிவைத்துவிடலாம் என்பது தீர்ப்பில் பலரும் நினைவில் வைத்திருக்கும் இடம். இதுபோன்ற தகராறுகளில் சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டி அதிகாரிகளே எது கலை, எது ஆபாசம் என்று தீர்மானிக்காமல் இருக்க, துறை அறிந்தவர்கள் கொண்ட குழு வேண்டும் என்றும் நீதிமன்றம் அரசுக்குச் சொன்னது. எழுத்தாளர் தனக்குத் தெரிந்த வேலையான எழுத்துக்கே திரும்பட்டும் என்று தீர்ப்பு முடிந்தது.

அவர் திரும்பினார். அதே 2016-ல் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ வந்தது. மனிதர்களைப் பற்றி எழுதப் பயம், தெய்வங்களைப் பற்றி எழுத இன்னும் பயம், ஆகவே ஆட்டைப் பற்றி எழுதுகிறேன் என்கிற தொனியில் முன்னுரையில் குத்தலும் வைத்திருந்தார். 2023-ல் ‘பூக்குழி’யின் ஆங்கில மொழிபெயர்ப்பு சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இடம்பிடித்தது. ‘ஆளண்டாப் பட்சி’யின் மொழிபெயர்ப்புக்கு அதே ஆண்டு ஜேசிபி பரிசு கிடைத்தது.

அப்போ வாசகர் எது வேணும்னாலும் சொல்லலாமா?

நாவலைப் பற்றி, ஏறக்குறைய எதுவும் சொல்லலாம். “மொக்கை”, “இழுவை”, “நூறு பக்கத்துக்கு மேல முடியலை சாமி” என்று எழுதுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். எழுத்தாளரின் தனிப்பட்ட வாழ்க்கையைப் பற்றிப் பொய்யாக எழுதினால் அவதூறு ஆகலாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 356-வது பிரிவு. மத உணர்வைத் திட்டமிட்டுப் புண்படுத்துவது (பழைய 295-ஏ) இப்போது 299-வது பிரிவு. பிரிவினருக்கிடையே பகை மூட்டுவது (பழைய 153-ஏ) 196. புத்தகத்தை எதிர்த்து புகார் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பிரிவுகளைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் ஒரு நாவலைப் படித்து ஆளைத் தூண்டிவிடும் போஸ்ட் போடுபவருக்கும் இதே பிரிவுகள் பொருந்தும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நாவலிலிருந்து சில வரிகளை எடுத்துக் காட்டலாமா? விமர்சனத்துக்காக நியாயமான அளவில் மேற்கோள் காட்ட 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருகிறது. “நல்லா இருக்கு, எல்லாரும் படிங்க” என்று முழு பிடிஎஃப்-ஐ டெலிகிராமில் தட்டிவிடுவது அந்தக் கணக்கில் வராது. பாராட்டு மாதிரி தெரிந்தாலும் எழுத்தாளரின் ராயல்டி அதில்தான் காணாமல் போகிறது.

தருமபுரிப் பக்கம் இதற்கு ஏன் தனி அர்த்தம்?

பொழுதுபோக்குக்கு ஒரு நாவலை எடுத்தவர் எதிர்பாராமல் சொந்த ஊரில் போய் முட்டிக்கொள்வது இங்கே நடக்கக்கூடியது. ச.பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ 2004-ல் வந்தது. சத்தியமங்கலம் பக்கத்துச் சோளகர் பழங்குடிகள் வீரப்பன் தேடுதல் வேட்டையின் பெயரில் அனுபவித்த சித்திரவதைகளைச் சொல்லும் நாவல் அது. “இது நாவலா, ஆவணமா” என்று இலக்கிய வட்டத்தில் அதைப் பற்றி விவாதம் நடந்தது. தீர்த்தமலை இருக்கும் அதே அரூர் வட்டத்து வாசகர் அந்தக் கேள்வியைக் கேட்பாரா என்பது சந்தேகம். அவருக்கு வாச்சாத்தி தெரியும்.

சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-ம் தேதி சந்தனக் கட்டைத் தேடுதல் என்று நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 29-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இது தெரிந்த ஊரில் ‘சோளகர் தொட்டி’யைப் படித்துவிட்டு “ரொம்ப மிகைப்படுத்தல்” என்று ஒருவர் சொன்னால், எதிரே இருப்பவர் நாவலைப் பற்றிப் பேசமாட்டார். தன் ஊரைப் பற்றித்தான் பேசுவார். அப்படிப்பட்ட பதில்களும் வாசகர் கருத்துதான். தருமபுரியில் தகடூர் புத்தகப் பேரவையும் மாவட்ட நிர்வாகமும் நடத்தும் புத்தகத் திருவிழாவில் இந்த மாதிரி நாவல்களைக் கையில் எடுத்துப் புரட்டுபவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, காளி என்ன ஆனான்?

‘மாதொருபாகன்’ சட்டென்று ஒரு இடத்தில் நிற்கும். பொன்னா திருவிழாவுக்குப் போய்விட்டாள் என்று தெரிந்ததும் காளி என்ன செய்தான் என்பதை நாவல் முழுதாகச் சொல்லாது. (இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) “அப்புறம் என்ன ஆச்சு” என்ற கேள்விக்குப் பெருமாள்முருகன் ஒன்றுக்கு இரண்டாகப் பதில் எழுதினார். காளி இறந்துபோயிருந்தால் என்ன ஆகும் என்பது ‘ஆலவாயன்’. பிழைத்திருந்தால் என்ன ஆகும் என்பது ‘அர்த்தநாரி’. இரண்டும் வெளியானது 2014 கடைசியில், முதல் நாவலைத் தெருவில் போட்டு எரித்த அதே சமயத்தில். இரண்டில் எதை முதலில் படிக்க வேண்டும் என்பதில் வாசகர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.