சத்திரசிகிச்சையும் பிள்ளைப்பேறுதான்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் என் மூத்த மகள் தன் தலைப்பிள்ளையைப் பெற்றாள். முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யப்பட்ட சத்திரசிகிச்சையின் மூலம் அக்குழந்தை பிறந்தது. பத்தாம் நாள் குழந்தையைப் பார்க்க வந்த உறவினரான மாமி ஒருவர், "நோகாமல் பெற்றுவிட்டாய் பிள்ளை, நீ கொடுத்து வைத்தவள்" என்று சொல்லிச் சென்றார். அவர் மனத்திலே களங்கம் ஏதுமில்லை. ஆயினும் அன்று மாலை மகள் என்னிடம், "அம்மா, நான் பிள்ளை பெற்றேனா, அல்லது அவர்கள் எடுத்துத் தந்தார்களா?" என்று கேட்டாள். முப்பது ஆண்டுகளாக மாணவரின் வினாக்களுக்கு விடை கூறிப் பழகிய எனக்கு, அவ்வேளை விடையொன்றும் வாயில் வரவில்லை. அதன்பின் நான் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை, மகளின் சம்மதத்துடன், நேயர்களாகிய உங்களுக்கு இன்று கூற விரும்புகிறேன்.

இச்சிகிச்சையைச் 'சிசேரியன்' என்று வழங்குகிறோம். உரோமபுரித் தலைவன் யூலியஸ் சீசர் இவ்வாறு பிறந்ததனால் இப்பெயர் வந்தது என்பர் பலர். அது பொருந்தாத கதை. அக்காலத்தில் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தது தாய் இறந்த பின்னரே, அல்லது அவள் இறக்குந் தறுவாயிலேயே. சீசரின் தாயான அவுரேலியாவோ மகன் வளர்ந்து படைத்தலைவனான காலத்திலும் உயிருடன் இருந்தவள். 'வெட்டுதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்தே இப்பெயர் வந்திருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து.

நெடுங்காலம் வரை இச்சிகிச்சையில் தாய் பிழைப்பது அரிதாகவே இருந்தது. கருப்பையைக் கீறிய வைத்தியர்கள் அதனைத் தைக்காமலே விட்டமையும், குருதிப் பெருக்கும், புண் அழுகலும் அதற்குக் காரணங்கள். 1882ஆம் ஆண்டில் மாக்ஸ் சேங்கர் என்னும் சேர்மானிய வைத்தியர், கருப்பையின் வெட்டினைக் கவனமாகத் தைத்து மூடும் முறையை விளக்கி எழுதினார். 1898இல் ஓகஸ்ட் பியர் என்பவர், முள்ளந்தண்டில் மருந்தேற்றி உடலின் கீழ்ப்பாதியை விறைக்கச் செய்து சத்திரசிகிச்சை நடத்திக் காட்டினார். கருப்பையின் மேற்பகுதியை நெடுக்காகக் கீறாது, கீழ்ப்பகுதியைக் குறுக்காகக் கீறும் முறையை 1920களில் கிளாஸ்கோவைச் சேர்ந்த மன்றோ கெர் பரப்பினார். இவற்றோடு குருதியேற்றலும் கிருமிகொல்லி மருந்துகளும் சேர்ந்தபோதே, இச்சிகிச்சை தாயையும் சேயையும் ஒருங்கே காக்கும் வழியாயிற்று.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எட்டாம் மாதம் முடிந்தும் குழந்தையின் தலை கீழே திரும்பவில்லை. பிட்டம் கீழாகவும் தலை மேலாகவும் இருந்தது. வயிற்றின் மேலாகக் கையால் மெல்லத் தள்ளித் திருப்ப வைத்தியர் முயன்றார். குழந்தை இணங்கவில்லை. இந்நிலையில் உடல் முதலில் வெளிவந்து, பருத்த உறுப்பாகிய தலை இறுதியில் அகப்பட்டுக்கொள்ளக்கூடும். இவ்வாறான குழந்தைகள் சிலவற்றை இயல்பான வழியில் பெறுவதும் கூடும். அதற்குத் தக்க நிலையும் தேர்ந்த கையும் வேண்டும். எல்லாவற்றையும் விளக்கிய வைத்தியர், என் மகளுக்குச் சத்திரசிகிச்சையே நல்லது என்றார். நச்சுக்கொடி கருப்பையின் வாயை மூடிக் கிடத்தல், முன்னைய சத்திரசிகிச்சைத் தழும்பு, குழந்தை குறுக்காகக் கிடத்தல் முதலியனவும் இவ்வாறு முன்கூட்டியே நாள் குறிப்பதற்குக் காரணமாகலாம்.

நாள் குறிக்கும்போது ஒரு சங்கடம் நேர்ந்தது. சம்பந்தியம்மா பஞ்சாங்கத்தைப் பார்த்து, இரண்டு வாரம் முந்திவரும் நல்ல நட்சத்திரத்திலே குழந்தையை எடுத்தால் என்ன என்று கேட்டார். வைத்தியர் நகைக்கவில்லை. "அம்மா, குழந்தையின் சுவாசப்பை பழுக்கிற நாள்தான் எனக்கு நல்ல நாள்" என்றார். வேறு அவசரம் இல்லாவிடின் 39 வாரங்கள் நிறைந்த பின்னரே இச்சிகிச்சையைச் செய்வது வழக்கம். பிரசவ வலி காணுமுன் அதற்கு முந்தி எடுக்கப்படும் குழந்தைகள் மூச்சுவிட இடர்ப்படுவது கூடுதலாகும். சம்பந்தியம்மா பஞ்சாங்கத்தை மூடி வைத்தார். நேயர்களும் இவ்விடயத்தில் அவரைப் பின்பற்றுவது நன்று.

குறித்த நாளின் முன்னிரவிலேயே உணவை நிறுத்தினார்கள். விடியற்காலையில் மகள் தாலிக்கொடியையும் காப்புகளையும் கழற்றி என் கையிலே தந்தாள். மஞ்சள் மணம் மாறாத அக்கொடியை முந்தானையில் முடிந்துகொண்டு, மருமகனுடன் நான் கூடத்தின் வாசலில் இருந்தேன். உள்ளே நிகழ்ந்ததைப் பின்னர் அவளே சொன்னாள்.

முதுகை வளைத்து இருக்கச்செய்து, இடுப்பின் பின்புறம் மயக்க மருந்து வைத்தியர் ஊசி போட்டார். சிறிது நேரத்தில் கால்களிலே சூடு பரவியது. பின்னர் அவை தன்னுடையவை அல்லாதன போலாயின. அறிவு மட்டும் தெளிவாக இருந்தது. குருதியமுக்கம் தாழ்ந்தமையால் குமட்டல் வந்தது. அதற்கும் மருந்து கொடுத்தார்கள். மார்புக்கு நேரே ஒரு திரை. அடிவயிற்றிலே ஏறத்தாழ அரைச் சாண் அகலத்துக்குக் குறுக்கே கீறினார்கள். நோவு இல்லை, ஆனால் உள்ளே இழுப்பதும் அழுத்துவதும் தெரிந்தன. "வயிற்றுக்குள்ளே யாரோ பெட்டி அடுக்குவது போலிருந்தது" என்றாள். அச்சத்தினால் உடல் நடுங்கிற்று. தாதியொருவர் அவளுடைய கையைப் பற்றிக்கொண்டார். பத்து நிமிடத்துக்குள் குழந்தையின் அழுகுரல் கேட்டது. குழந்தையின் கன்னத்தைத் தாயின் கன்னத்தோடு வைத்தார்கள். அதன்பின், அடுக்கடுக்காகத் தைத்து முடிக்க மேலும் அரைமணி நேரத்துக்குமேற் சென்றது.

விறைப்பு நீங்கியபோதுதான் நோவு தொடங்கிற்று. இருமினாலும் சிரித்தாலும் தையல் இழுத்தது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமும்படி தாதி பழக்கினார். மறுநாட் காலையிலேயே எழுந்து நடக்கச் சொன்னார்கள். எனக்கு அது கொடுமையாகத் தோன்றிற்று. படுத்தே கிடந்தால் காலின் நரம்புகளிலே குருதி உறைந்து, அது சுவாசப்பைக்குச் சென்று உயிருக்கே ஆபத்தாகலாம் என்று விளக்கியபின் நானே அவளைத் தாங்கிப் பிடித்தேன். கட்டிலிலிருந்து கதவு வரை பத்தடி; அதனைக் கடக்க அவளுக்கு நெடுநேரம் சென்றது; முகமெல்லாம் வியர்த்தது. அந்நடையைப் பார்த்த எவரும் அவள் நோகாமற் பெற்றாள் என்று சொல்லத் துணியார்.

வீட்டுக்கு வந்தபின் நாம் செய்யும் தவறுகள் சில உண்டு. தண்ணீர் குடித்தால் புண் சீழ்ப்பிடிக்கும் என்று தாயின் தாகத்தை அடக்குகிறோம். பாலூட்டும் தாய்க்கு நீர் மிகவும் வேண்டும். காயச் சரக்கும் பால்சுறாக் கறியும் கொடுப்பது நம் வழக்கம். அவற்றோடு கீரையும் பழமும் முட்டையும் தாராளமாகக் கொடுக்கலாம். ஆறு வாரங்களுக்குப் பாரமான எதையும் அவள் தூக்கலாகாது. புண் சிவந்து வீங்குதல், சீழ் வடிதல், காய்ச்சல், அளவு மீறிய குருதிப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், மூச்சு வாங்குதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவிடம் இவற்றை மறைக்கலாகாது.

1930களில் இலங்கையிலே இலட்சம் பிள்ளைப்பேற்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2020ஆம் ஆண்டளவில் அத்தொகை ஏறத்தாழ 30 ஆகக் குறைந்தது. ஊர்தோறும் சென்ற மருத்துவமாதுகளின் உழைப்பும், வைத்தியசாலைப் பிரசவமும், வேண்டியபோது கிடைத்த சத்திரசிகிச்சையும் இதிலே பங்குகொண்டவை. எனினும் தேவையின்றி இதனை நாடுவதும் தகாது. உலகிலே இன்று ஐந்து குழந்தைகளில் ஒன்றுக்கு மேல் இவ்வாறு பிறக்கின்றது. ஒவ்வொரு முறையும் தழும்பு கூடக் கூட, அடுத்த கருப்பத்தில் நச்சுக்கொடி அத்தழும்பிலே ஆழப் பதிந்து பெருங்குருதிப்போக்கு நேரும் அபாயமும் கூடும். ஒருமுறை சத்திரசிகிச்சை செய்தவருள் பலர், வைத்தியரின் கண்காணிப்பில் அடுத்த பிள்ளையை இயல்பான வழியிற் பெறவும் கூடும். அதற்கு இடைவெளி விடுதலும், வைத்தியசாலையிலேயே பெறுதலும் இன்றியமையாதன.

ஆகவே மகளின் வினாவுக்கு என் விடை இது. தன் குழந்தையின் உயிருக்காக, முழு அறிவோடு, தன் உடலைக் கீற ஒப்புக்கொடுத்தவள் பிள்ளை பெற்றவளே. பெறும் வழி வேறுபடலாம், பேறு ஒன்றுதான். இதை நான் அவளுக்குச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாது குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு அந்த மாமி மீண்டும் வந்தார். மகள் அவரை வரவேற்று, "நொந்துதான் பெற்றேன், மாமி. நோவு பிள்ளைக்கு முன்னே வரவில்லை, பின்னே வந்தது" என்று சிரித்தபடி சொன்னாள். மாமி சற்று நேரம் அவளையே பார்த்தார். பின்னர், கிணற்றடியில் அவள் தூக்கப்போன தண்ணீர் வாளியைத் தாமே வாங்கிக்கொண்டார். நேயர்களே, உங்கள் வீட்டிலும் அயலிலும் இவ்வாறு பிள்ளை பெற்ற பெண்கள் இருப்பார்கள். அவர்களைக் காணச் செல்லும்போது எப்படிப் பெற்றாய் என்று கேளாதீர்கள். முதலில் அந்த வாளியை வாங்கிக்கொள்ளுங்கள்.