தேயிலைக்கு நடுவே மரம்: நடும்போதே வெட்டும் கணக்கும் வேண்டும்

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகளிடம் மரம் நடும் பேச்சை எடுத்தால், முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "நட்டுடலாம், நாளைக்கு வெட்ட விடுவாங்களா?"

நியாயமான கேள்வி. ஒன்றிரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு, பசுந்தேயிலை விலை ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு, மரம் என்பது மகள் கல்யாணத்துக்கோ மகன் படிப்புக்கோ ஆகும் சேமிப்பு. எடுக்க முடியாத சேமிப்பை யாரும் போட மாட்டார்கள்.

விளைநிலத்தைத் தேடி வரும் மரம்

நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கும், மலைப்பகுதிகளில் மூன்றில் இரண்டு பங்கும் காடாகவோ மரப்போர்வையாகவோ இருக்க வேண்டும் என்றது 1988-ம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை. 2023-ம் ஆண்டுக்கான வன நிலை அறிக்கைப்படி, இரண்டும் சேர்ந்து எட்டியிருப்பது 25.17 சதவிகிதம். மீதியைக் காட்டுக்குள்ளேயே தேட முடியாது என்பதால், அரசின் பார்வை விளைநிலத்தின் பக்கம் திரும்பியது.

2014 பிப்ரவரியில் தேசிய வேளாண் காடு வளர்ப்புக் கொள்கை வந்தது. இப்படித் தனிக்கொள்கை வகுத்த முதல் நாடு இந்தியாதான். அதைத் தொடர்ந்து, 2016-17-ல் 'வரப்புதோறும் மரம்' என்ற நோக்கத்தோடு மத்திய அரசின் துணை இயக்கம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2021-22 முதல் 'நீடித்த பசுமைப் போர்வை இயக்கம்' மூலம், வனத்துறை நாற்றங்கால்களிலிருந்து விவசாயிகளுக்கு இலவசமாக மரக்கன்றுகள் தரப்படுகின்றன. இதற்கு உழவன் செயலியில் பதிவு செய்யலாம்.

நிழல் எவ்வளவு வேண்டும்?

தேயிலைக்கு நிழல் மரம் புதிதல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக், பல தலைமுறைகளாக இந்த மலைச்சரிவுகளில் நிற்கிறது. கோடை வெயிலில் செடி வாடாமல் காக்கிறது. மரமே இல்லாத தோட்டங்களில் சிவப்புச் சிலந்தி அதிகம் தாக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விழும் உறைபனியில் கொழுந்து கருகுவதும், மரத்தடியில் உள்ள செடிகளில் குறைவு. உதிரும் இலைகள் மண்ணுக்கு மூடாக்காகின்றன.

அளவு மீறினால் அதே நிழல் பகையாகும். மழைக்காலத்தில் ஈரம் காயாமல் கொப்புள நோய் பரவும், கொழுந்தும் குறையும். அதனால் இடைவெளிக் கணக்கு முக்கியம்.

சில்வர் ஓக் கன்றுகளை முதலில் 20 அடிக்கு 20 அடியில் நடலாம். ஏக்கருக்கு 108 கன்றுகள் பிடிக்கும். வளர்ந்து கிளைகள் ஒன்றோடொன்று முட்டத் தொடங்கியதும், படிப்படியாகக் கலைத்து 40 அடிக்கு 40 அடி இடைவெளிக்குக் கொண்டுவர வேண்டும். கடைசியில் ஏக்கருக்கு 27 மரங்கள் நிற்கும். நடுவில் எடுக்கும் சுமார் 80 மரங்கள் தடியாகவும் விறகாகவும் பணம் தரும். நிற்கும் மரங்களில், தென்மேற்குப் பருவமழைக்கு முன், ஏப்ரல் - மே மாதங்களில் கிளை கழிக்க வேண்டும். மழைக்காலத்தில் செடிக்கு வெளிச்சம் கிடைக்க இது அவசியம்.

மரத்தின் மேல் இன்னொரு வருமானம்

கூடலூர், பந்தலூர், பர்லியார் போன்ற தாழ்வான, வெப்பமான பகுதிகளில் சில்வர் ஓக் மீது மிளகுக் கொடி ஏற்றலாம். ஜூன் மழையில், மரத்தின் வடக்குப் பக்கம் கொடியை நட்டால் வெயிலின் கடுமை தாக்காது. ஊட்டியின் குளிருக்கு மிளகு ஒத்துவராது. உயரமான பகுதிகளில் பிளம்ஸ், பேரி, பீச் மரங்களை வரப்போரங்களிலும் வேலியோரங்களிலும் வைக்கலாம். குன்னூர் பக்கம் வெண்ணெய்ப்பழம் நன்றாக வருகிறது.

சரிவில் கேரட், உருளைக்கிழங்கு போடுகிறவர்கள், மேலிருந்து கீழாகப் பாத்தி எடுக்காமல், சமஉயர வரப்பு போட்டு, அதில் தீவனப்புல்லும் இடையிடையே பழமரங்களும் வைப்பது நல்லது. 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர் பகுதிகளில் கொட்டிய மழையில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்த மலை மறக்கவில்லை. வேர் மேல்மண்ணைப் பிடிக்கும். ஆனால், மரம் மட்டும் சரிவைத் தடுத்துவிடாது. மழைநீர் வடிய வாய்க்காலும் வேண்டும்.

நடக்கூடாத இடமும் உண்டு

சோலைக்காட்டை ஒட்டிய இயற்கைப் புல்வெளி தரிசு நிலமல்ல. மழைநீரை வாங்கி ஓடைக்குச் சிறுகச் சிறுக விடுவது அதுதான். அங்கே மரம் நடக்கூடாது. முற்காலத்தில் புல்வெளிகளில் நட்ட சீகையும் கற்பூர மரமும் பரவி நிற்பதை இன்றும் பார்க்கிறோம். விளைநிலத்திலும் இந்த இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

வெட்ட விடுவார்களா?

தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955-ன் படி, அறிவிக்கப்பட்ட மலைக்கிராமங்களில் பட்டா நிலத்து மரமானாலும் அனுமதி பெற்றுத்தான் வெட்ட வேண்டும். சரிவில் உள்ள மண்ணைக் காக்க வந்த சட்டம் இது. மரம் வளர்ப்பவருக்கு இது ஒரு தயக்கத்தையும் தருகிறது என்பதை மறுக்க முடியாது. வெட்டுவதற்கும் கொண்டுசெல்வதற்கும் உள்ள விதிகளை எளிதாக்க வேண்டும் என்று 2014 கொள்கையே சொல்கிறது. விளைநில மரங்களை வெட்டுவதற்கான மாதிரி விதிகளை 2025 ஜூனில் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பியது. நட்டதைப் பதிவு செய்திருந்தால் அனுமதி எளிதாகும் என்பதே அதன் சாரம். இது மாதிரி மட்டுமே. இதை வைத்து யாரும் கோடரியைத் தூக்கிவிடக் கூடாது.

எனவே, நடும் நாளிலேயே செய்ய வேண்டியவை:

• எந்தப் புல எண்ணில், என்ன மரம், எத்தனை, எந்தத் தேதியில் நட்டது என்று எழுதி, புகைப்படத்தோடு வைத்துக்கொள்ளவும்.
• கன்று வாங்கிய ரசீதையும் திட்டப் பதிவையும் பட்டா நகலோடு சேர்த்துப் பத்திரப்படுத்தவும்.
• வரப்பில் ஏற்கெனவே நிற்கும் ஈட்டி போன்ற மரங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கலாம். அவற்றில் கை வைக்கும் முன் வனச்சரக அலுவலகத்தில் கேட்கவும்.
• கலைத்து எடுக்கப் போகும் ஆண்டுக்கு முன்பே மனு கொடுக்கவும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டு அனுமதிக்கு அலைய வேண்டாம்.

காகிதம் கையில் இருந்தால், "இது தானாக முளைத்த காட்டு மரமல்ல, நான் நட்ட மரம்" என்று விவசாயி காட்ட முடியும். கன்றுக்குக் குழி எடுக்கும் அன்றைக்கே அதற்கு ஒரு கோப்பும் போட்டுவிட வேண்டும்.